இன்டீரியர் டிசைனர் கேட்கும் 14 லட்சம் நியாயமா?

பெங்களூரின் சர்ஜாப்பூர் சாலையில் 1,250 சதுர அடியில் மூன்று படுக்கையறை கொண்ட அடுக்ககத்தின் சாவி இந்த மாதம் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. வடிவமைப்பாளர் ஒருவர் அழகான த்ரீ-டி படங்களைக் காட்டி 14 லட்சம் ரூபாய்க்கு விலைப்பட்டியல் தந்திருக்கிறார். பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்த பிறகுதான் அளவுகளோடு கூடிய வரைபடங்களைத் தர முடியும் என்கிறார். கும்பகோணத்திலிருந்து உங்கள் தாயார், ஊர் ஆசாரியை அழைத்து வந்தால் பாதிச் செலவில் முடியும் என்று சொல்கிறார். ஆவணியில் கிரகப்பிரவேசம் வைக்க வேண்டும் என்பதால் முடிவெடுக்க அவகாசமும் இல்லை. "14 லட்சம் நியாயமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு, இந்த வேலையில் முன்பின் பழக்கமில்லாத ஒருவர் இவ்வளவு பெரிய தொகையை ஒப்படைப்பதற்கு முன்னால் எதைப் பார்த்து ஒரு வடிவமைப்பாளரை நம்புவது என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று எனக்குப் பட்டது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் பெங்களூரில் 22 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் ஏழு ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் களமேற்பார்வை. அதன் பிறகு தனியாக வீடுகளை வடிவமைத்து வருகிறேன். ஆகவே என் பேச்சில் தொழில்காரரின் சார்பு எங்காவது தெரிந்தால் அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். உங்கள் வீட்டையும் நான் பார்க்கவில்லை, அந்த வடிவமைப்பாளரையும் அறியேன். 14 லட்சம் அதிகமா குறைவா என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் அதை ஏன் சொல்ல முடியாது என்பதை விளக்கினால், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே புலப்படும்.

ஒரு துணி அலமாரியை எடுத்துக்கொள்வோம். ஏழு அடி அகலம், ஏழு அடி உயரம். முன்பக்கப் பரப்பு 49 சதுர அடி. உங்கள் விலைப்பட்டியலில் "அலமாரி, 49 சதுர அடி, இன்ன விலை" என்று ஒரே வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்குள் எத்தனை அலமாரிகள் ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள். இரண்டடி ஆழத்தில் பக்கப் பலகைகள், நடுத் தடுப்பு, மேல்-கீழ்ப் பலகைகள், மூன்று தட்டுகள், கதவுகள், ஓரிரு இழுப்பறைகள் எல்லாவற்றையும் கூட்டினால் எட்டுக்கு நான்கு அடி அளவுள்ள 18 மி.மீ. பிளைவுட் ஏறக்குறைய ஆறு பலகைகள் ஆகும்; முதுகுப் பக்கத்துக்கு 6 மி.மீ. பலகை இரண்டு. இழுப்பறைகளை இரண்டிலிருந்து ஆறாக்கினால் பலகையும் கூடும், இழுப்பறை ஓடும் தண்டவாளமான சேனலும் கூடும், கூலியும் கூடும். முன்பக்கப் பரப்பு மட்டும் அதே 49 சதுர அடியாகவே இருக்கும். உள்ளே பிளைவுட்டா, மரத்துகள் பலகையா? உட்புறம் லேமினேட் என்னும் மெல்லிய அலங்காரத் தகடு ஒட்டப்படுமா, அல்லது வெறும் வார்னிஷா? கீல்கள் மெதுவாக மூடும் வகையா, சாதாரண வகையா? மேலே பரண் உண்டா, அதன் விலை தனியா? இவை எதுவும் அந்த வரியில் இல்லை. ஒரே த்ரீ-டி படத்தை வைத்துக்கொண்டு எட்டு லட்சத்துக்கும் வீடு செய்யலாம், பதினெட்டு லட்சத்துக்கும் செய்யலாம். குடியேறும் நாளன்று இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், வேறுபாடு நான்காவது மழைக்காலத்தில் தெரியும். ஆகவே விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், ஒவ்வொரு பொருளும் எந்தப் பலகையில், எந்தத் தடிமனில், எந்தக் கீல் மற்றும் சேனலோடு, உள்ளே எத்தனை தட்டுகளோடு வருகிறது என்று எழுதப்பட்ட விரிவான பட்டியலைக் கேளுங்கள். இன்னொரு வடிவமைப்பாளரிடம் ஒப்பிட்டுக் கேட்பதென்றாலும் அந்தப் பட்டியலைக் கொடுத்துக் கேட்டால்தான் ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு.

அடுத்தது அந்தப் படங்கள். த்ரீ-டி படம் என்பது பார்க்கும் படம். தச்சரும் மின்பணியாளரும் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் படம் வேறு. பார்க்கும் படம் அகலக் கோணத்தில் எடுக்கப்பட்ட புகைப்படத்தைப் போன்றது, சிறிய அறையையும் கூடமாகக் காட்டிவிடும். உங்கள் இரண்டாவது படுக்கையறை பத்தடிக்குப் பதினோரு அடி என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் பத்தடிப் பக்கத்தில் கட்டிலின் கால்மாட்டுக்கு எதிரே அலமாரி இருப்பதாகச் சொல்கிறீர்கள். பத்தடி என்பது 120 அங்குலம். அலமாரியின் ஆழம் 24 அங்குலம். கிங் அளவுக் கட்டிலின் மெத்தை நீளம் 78 அங்குலம். தலைப்பலகையையும் சேர்த்தால் 81. மீதி 15 அங்குலம். பதினெட்டு அங்குல அகலமுள்ள கதவு அந்த இடைவெளியில் திறக்காது. ஒருவர் நிமிர்ந்து நடக்கவும் முடியாது. படத்தில் இது தெரியாது, அளவு போட்ட தரைப்படத்தில் ஒரு நொடியில் தெரிந்துவிடும். நகரும் கதவு போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், அந்தத் தண்டவாளங்கள் மூன்று நான்கு அங்குலத்தை விழுங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். சட்டைகள் தொங்குவதற்கு உள்ளே 21, 22 அங்குலம் வேண்டும் என்பதால் அலமாரியின் மொத்த ஆழத்தை 27 வரை கூட்ட வேண்டியிருக்கும். கட்டிலைத் திருப்பிப் போடுவதுதான் அந்த அறைக்கு வழியாக இருக்கக்கூடும்.

பெங்களூரில் இந்த அளவுப் படங்களுக்கு வேறொரு முக்கியத்துவமும் உண்டு. இங்கே ஒரு வீட்டு வேலை குறைந்தது மூன்று மொழிகளில் நடக்கிறது. நீங்கள் வடிவமைப்பாளரிடம் தமிழில் பேசுகிறீர்கள். அவர் ராஜஸ்தானிலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ வந்த தச்சர்களிடம் இந்தியில் சொல்கிறார். மின்பணியாளரும் குழாய்ப் பணியாளரும் பெரும்பாலும் கன்னடத்தில் கேட்டுக்கொள்கிறார்கள். வாய்ச்சொல்லாகப் போகும் ஒவ்வொரு செய்தியும் வழியில் சற்றே மாறும். "மிக்ஸிக்கு மேடையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் ஒரு பிளக்" என்று சொன்ன சொல் சுவரில் எங்கோ ஓரிடத்தில் போய் உட்காரும். "மேடையிலிருந்து 8 அங்குலம், சுவர் மூலையிலிருந்து 20 அங்குலம்" என்று எழுதிய கோடு எந்த மொழிக்காரருக்கும் ஒன்றேதான். தரைப்படம், ஒவ்வொரு சுவருக்கும் நேர்முகப் படம், அலமாரிகளின் உட்பிரிவுப் படம், மின்புள்ளிகளின் படம், சமையலறைக்குக் குழாய்ப் படம், ஃபால்ஸ் சீலிங் (தளத்துக்குக் கீழே அமைக்கும் பொய்க்கூரை) படம் ஆகியவை உங்கள் வீட்டுக்குத் தேவை. வடிவமைப்பாளருக்கு நீங்கள் தரும் கட்டணம் உண்மையில் இந்தக் காகிதங்களுக்கும், இவற்றை வரையும்போது அவர் உங்கள் சார்பில் எடுக்கும் நூற்றுக்கணக்கான முடிவுகளுக்கும்தான்.

இங்கே வடிவமைப்பாளர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பணம் வாங்காமல் அளவுப் படங்களைத் தர மாட்டேன் என்று அவர் சொல்வதில் தவறில்லை. வாரக்கணக்கில் உழைத்து வரைந்த படங்களை வாங்கிக்கொண்டுபோய் வேறொருவரிடம் மலிவாகச் செய்துகொண்டவர்களை நானே பலமுறை சந்தித்திருக்கிறேன்; அந்தக் காயம் இத்தொழிலில் எல்லோருக்கும் உண்டு. ஆனால் படங்களுக்கான கூலி வேறு, ஏழு லட்சம் ரூபாய் முன்பணம் வேறு. "வடிவமைப்புக் கட்டணத்தைத் தனித் தொகையாகப் பிரித்துச் சொல்லுங்கள், அதை முழுமையாகத் தருகிறேன், படங்கள் எனக்குச் சொந்தம், வேலையை உங்களிடமே தருவதா என்பதைப் படங்களும் விரிவான பட்டியலும் கைக்கு வந்த பிறகு முடிவு செய்கிறேன்" என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். என் அனுபவத்தில், தன் வரைபடத்தின் மேல் நம்பிக்கையுள்ள வடிவமைப்பாளர் இதற்கு ஒப்புக்கொள்வார். "வடிவமைப்பு இலவசம், வேலைக்கு மட்டும் கொடுத்தால் போதும்" என்று சொல்பவரிடம் அந்தக் கட்டணம் வேறு ஏதோ ஒரு வரியில் சேர்க்கப்பட்டிருக்கும். அது எந்த வரி என்று உங்களுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் உங்கள் செலவு கூடக்கூட அவர் வருமானம் கூடும் ஏற்பாடு அது. நேர்மையானவரையும் அது சங்கடத்தில் நிறுத்தும்.

கடைகளின் கமிஷன் பற்றியும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். பிளைவுட், லேமினேட், விளக்கு, டைல்ஸ் கடைகள் வாடிக்கையாளரை அழைத்து வரும் வடிவமைப்பாளருக்கும் தச்சருக்கும் கமிஷன் தருவது இந்த ஊரில் பரவலான வழக்கம். அது எனக்கு உவப்பானதன்று. ஆனால் கமிஷன் வாங்குபவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்றும் சொல்ல மாட்டேன். முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்: கமிஷன் வாங்குவீர்களா, வாங்கினால் அதை எனக்குத் தள்ளுபடியாகக் கழித்துத் தருவீர்களா என்று. பதிலைவிட, அந்தக் கேள்வியை அவர் எதிர்கொள்ளும் விதம் உங்களுக்கு அதிகம் சொல்லும். அப்படியே ஜி.எஸ்.டி. பற்றியும் கேளுங்கள். உள்வடிவமைப்புச் சேவைக்கும் முழு ஒப்பந்த வேலைக்கும் 18 சதவீதம் வரி. உங்கள் 14 லட்சம் வரி நீங்கலான தொகையானால் கையை விட்டுப் போகப்போவது 16 லட்சத்து 52 ஆயிரம். பில் இல்லாமல் ரொக்கமாகத் தந்தால் வரி மிச்சம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். அது சட்டமீறல் என்பதோடு, நாளை ஏதாவது கெட்டுப்போனால் இன்ன வேலையை இன்னாரிடம் கொடுத்தேன் என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

பொருள்களைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும், அனுபவத்தால் மட்டும் நினைப்பதையும் பிரித்துச் சொல்கிறேன். உறுதியானது இது: பிளைவுட்டுக்கு இந்தியத் தர நிர்ணயங்கள் உண்டு, பொதுப் பயன்பாட்டுக்கு ஐ.எஸ். 303, நீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710. இரண்டாவது வகையின் பசை 72 மணி நேரம் கொதிநீரில் தாங்க வேண்டும் என்பது சோதனை. சிங்குக்குக் கீழும் சமையல் மேடைக்குக் கீழும் ஐ.எஸ். 710 போடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். படுக்கையறை அலமாரிக்கு அது தேவையில்லை, 303 போதும். பலகையின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதன் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும், இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டு அது எந்த நிறுவனத்துக்குரியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பலகை வெட்டப்படும் முன் பார்க்க வேண்டும், லேமினேட் ஒட்டிய பிறகு முத்திரையைத் தேடிப் பயனில்லை. வேலை உங்கள் வீட்டிலேயே நடந்தால் பலகை வந்திறங்கும் நாளன்று போய்ப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் நடந்தால் வெட்டுவதற்கு முன் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இனி ஐயத்துக்குரியது. அடர்த்தி மிகுந்த ஃபைபர் பலகைகள் இப்போது பிளைவுட்டுக்கு மாற்றாக அதிகம் விற்கப்படுகின்றன. கதவுகளுக்கு அவை தட்டையாக, வளையாமல் நிற்கின்றன என்பதை நான் கண்டிருக்கிறேன். ஆனால் திருகாணியைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டும் இடங்களில் இருபது ஆண்டுகள் பிடிப்போடு இருக்குமா என்று உறுதிகூற, என் கண்முன் அவ்வளவு வயதான வேலைகள் போதிய எண்ணிக்கையில் இல்லை. இதை எனக்கு அடுத்து எழுதக்கூடியவர்கள் வேறுவிதமாகச் சொல்லலாம்.

இனி நான் மிகவும் முக்கியமாகக் கருதும் பகுதி. வடிவமைப்பாளர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் உங்கள் வீட்டில் காலை ஆறு மணிக்கு என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது; நீங்கள் சொன்னால்தான் தெரியும். இணையத்திலிருந்து அழகான படங்களைச் சேர்த்து அனுப்புவதைவிட, உங்கள் வீட்டின் ஒரு நாளை இரண்டு பக்கம் எழுதிக் கொடுப்பது பத்து மடங்கு பயன்படும். சமையல் செய்பவரின் உயரம் என்ன? முழங்கையை மடக்கி நின்றால் தரையிலிருந்து முழங்கை வரையுள்ள உயரத்தில் நான்கைந்து அங்குலம் குறைத்ததே மேடையின் வசதியான உயரம். ஐந்தடி இரண்டு அங்குலம் உள்ளவருக்கு அது ஏறத்தாழ 34 அங்குலம் வரும். கட்டுநர் 36 அங்குலத்தில் மேடை போட்டிருந்தால், அதன் மேல் அடுப்பு, அடுப்பின் மேல் இட்லிப் பானை என்று அடுக்கும்போது மூடியைத் திறந்து உள்ளே பார்க்கவே எம்பி நிற்க வேண்டியிருக்கும். வெட் கிரைண்டரை மேடையில் நிரந்தரமாக வைப்பீர்களா, தேவைப்படும்போது எடுத்து வைப்பீர்களா? பெரும்பாலான ஆயத்த சமையலறைப் படங்களில் கிரைண்டருக்கு இடமே இருப்பதில்லை, ஏனென்றால் அந்தப் படங்கள் மாவு அரைக்காத வீடுகளுக்காக வரையப்பட்டவை. வாரத்துக்கு இரண்டு முறை மாவு அரைக்கும் வீட்டில் கிரைண்டருக்கென மேடையைவிட ஐந்தாறு அங்குலம் தாழ்ந்த ஒரு பகுதி, பக்கத்தில் தனிப் பிளக், கழுவும் நீரை வடிக்கச் சிங்கின் அருகாமை ஆகிய மூன்றும் வேண்டும். பதினைந்து கிலோ எடையைக் கீழ் அலமாரியிலிருந்து தூக்கி வைக்கச் சொல்வது நல்ல வடிவமைப்பு ஆகாது.

கொலு வைக்கும் வீடாக இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அல்சூரில் ஒரு வீட்டுக்கு நான் வரைந்தபோது, வேலை பாதி நடந்த நிலையில் அந்த வீட்டுப் பாட்டி வந்து, ஏழு படி எங்கே வைப்பது என்று கேட்டார். கூடத்தின் ஒரே நீளச் சுவரை டி.வி. அலமாரியால் நிரப்பியிருந்தேன். கேட்காதது என் தவறு. பிறகு அந்த அலமாரியின் கீழ்ப்பகுதியை மூன்று தனிப் பெட்டிகளாக மாற்றினோம். ஆண்டு முழுவதும் அவை இருக்கைகளாகவும் பொம்மைகளை வைக்கும் பெட்டிகளாகவும் இருக்கும், நவராத்திரியில் இழுத்து அடுக்கினால் கீழ்ப்படிகளாகும். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் பண்டிகை நாள்களில் இந்த வீடு எப்படி மாறும் என்பதையே முதல் கேள்வியாகக் கேட்கிறேன். ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும்போது யார் எங்கே படுப்பார்கள், மூட்டுவலி உள்ளவர் இருக்கிறாரா, பூசை அறையில் விளக்கு எரியும்போது மேல்தட்டில் கரி பிடிக்காமலிருக்க எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பவையெல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவையே.

கட்டடம் எதை அனுமதிக்கும் என்பது தனி விஷயம். உங்கள் அடுக்ககம் புதியது என்பதால் அலுமினிய அச்சில் வார்த்த காங்கிரீட் சுவர்களாக, அதாவது மிவான் முறையில் கட்டியதாக இருக்க வாய்ப்புண்டு. கட்டுநரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படியானால் அந்தச் சுவர்கள் கட்டடத்தின் பாரத்தைத் தாங்குபவை; மின்குழாய்க்காக அவற்றில் பள்ளம் வெட்டுவதோ, சமையலறையைத் திறந்துவிட ஒரு சுவரை இடிப்பதோ கூடாது. புதிய மின்புள்ளிகளை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலாகவோ, அலமாரியின் முதுகுக்குப் பின்னாலோதான் கொண்டுபோக வேண்டும். ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மி.மீ. கம்பி, 16 ஆம்பியர் பிளக்குகளுக்கு 2.5, விளக்குகளுக்கு 1.5 என்பது பொதுவான வழக்கம். விலைப்பட்டியலில் இந்த எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மின்விசிறி எப்போதும் தளத்தில் பதித்த கொக்கியிலிருந்தே தொங்க வேண்டும், ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகையிலிருந்து அல்ல.

குளியலறைச் சுவரை ஒட்டி அலமாரி வருகிறதா என்பதையும் பாருங்கள். ஜெயநகரில் நான் செய்த ஒரு வீட்டில் அப்படி ஓர் அலமாரியை அமைத்தோம். இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் உள்ளே பட்டுப் புடவைகளில் பூஞ்சை பிடித்திருப்பதாக அந்த அம்மையார் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு உண்டான வருத்தம் இன்னும் போகவில்லை. குளியலறையின் நீர்த்தடுப்பு பழுதாகியிருந்தது. வேலை தொடங்கும் முன் அந்தச் சுவரைச் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். சோதனை எளிது. ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. குளியலறைத் தரையிலும் தண்ணீரைத் தேக்கி ஒரு நாளேனும் விட்டுப் பாருங்கள். கட்டுநரிடம் இவற்றை இப்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ரெரா எனப்படும் வீட்டுமனைத் துறை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளையும் வேலைத்தரக் குறைகளையும் கட்டுநர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆனால் நீங்கள் டைல்ஸை உடைத்துக் குழாயை மாற்றிய பிறகு, ஒழுக்குக்கு உங்கள் ஆட்களே காரணம் என்று அவர் சொல்ல இடம் கிடைத்துவிடும். வடிவமைப்பாளரிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து வைப்பது இதற்காகத்தான்.

உங்கள் தாயார் சொன்ன யோசனையை நான் தள்ளிவிட மாட்டேன். தஞ்சைப் பக்கத்து மரவேலைக்காரர்களின் கைத்திறனை அறிந்தவன் என்ற முறையில், கதவு, ஊஞ்சல், பூசை மண்டபம் போன்ற தேக்கு வேலைகளுக்கு அந்த ஆசாரியை அழைத்து வருவதை மகிழ்ச்சியோடு ஆதரிப்பேன். பிளைவுட், லேமினேட் வேலைக்கு வேண்டிய திறன் சற்று வேறுபட்டது. பலகையை இயந்திரத்தில் நேராக வெட்டுவதும், வெட்டிய ஓரத்தை மூடும் ஓரப்பட்டையைச் சூட்டில் அழுத்தி ஒட்டுவதும் தொழிற்சாலையில் சீராக வரும் அளவுக்குக் கையால் வருவது கடினம். அதோடு மூன்று மாதம் அவர் எங்கே தங்குவார், அடுக்ககச் சங்கம் வேலையாட்களை இரவில் தங்க அனுமதிக்குமா, பொருளை யார் வாங்கித் தருவார் என்ற கேள்விகள் உண்டு. அலுவலகம் போகும் நீங்கள் இருவரும் அன்றாட மேற்பார்வையை ஏற்க முடியுமென்றால் செலவு குறையும் என்பது உண்மை. அப்போதும் யாரேனும் ஒருவர் வரைந்த அளவுப் படங்கள் வேண்டும்.

இனி, வடிவமைப்பாளரைச் சோதிப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். கட்டடக் கலைஞர் என்ற பட்டத்துக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு தேவை. இன்டீரியர் டிசைனர் என்று பலகை மாட்ட அப்படி எந்தச் சட்டப் பதிவும் தேவையில்லை. இந்திய இன்டீரியர் டிசைனர்கள் நிறுவனம் என்ற தொழில் அமைப்பு உண்டு; அதில் சேர்வது அவரவர் விருப்பம். ஆகவே சான்றிதழைவிடச் செய்த வேலையைப் பாருங்கள். புதிதாக முடித்த வீட்டைக் காட்டுவார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் முடித்த வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே போனால் கூடத்தைப் பார்த்து நேரம் போக்காமல், அனுமதி கேட்டுச் சிங்குக்குக் கீழே உள்ள கதவைத் திறந்து பாருங்கள். பலகை உப்பியிருக்கிறதா, கீல் துருப்பிடித்திருக்கிறதா, ஓரப்பட்டை பிரிந்திருக்கிறதா என்பதை அந்த ஓரிடம் சொல்லிவிடும். பிறகு வீட்டுக்காரரிடம், வேலை முடிந்து பணமும் கொடுத்த பின்னர் ஏதாவது பழுதுக்கு அழைத்தபோது வந்தாரா என்று கேளுங்கள்.

பணத்தைக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நான் என் வாடிக்கையாளர்களிடம் பின்பற்றும் முறை இது: வடிவமைப்புக் கட்டணம் தனி, படங்களும் பொருள் மாதிரிகளும் இருவர் கையெழுத்தோடு முடிவான பின் வேலைத்தொகையில் மூன்றிலொரு பங்கு, அலமாரிகளின் உடற்பகுதி வீட்டில் பொருத்தப்பட்டதும் அடுத்த மூன்றிலொரு பங்கு, கதவுகளும் மேடையும் முடிந்தபின் மீதி, அதிலும் மொத்த வேலைத்தொகையின் பத்தில் ஒரு பங்கைக் குறைகள் திருத்தப்படும் வரை நிறுத்தி வைப்பது. தொழிற்சாலை நிறுவனங்கள் பொருள் வெளியே வரும் முன்பே பெரும்பகுதியைக் கேட்பார்கள். அங்கே முழுமையாக மாற்ற முடியாவிட்டாலும் கடைசிப் பத்து சதவீதத்துக்காவது வாதாடுங்கள். இடையில் நீங்கள் கேட்கும் எந்த மாற்றமும், எவ்வளவு சிறியதானாலும், என்ன விலை, எத்தனை நாள் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வரட்டும். கணவர் காலையில் ஒன்றும் மனைவி மாலையில் ஒன்றும் தச்சரிடம் நேராகச் சொல்வது வேண்டாம். இருவரும் பேசி, ஒருவர் வழியாக வடிவமைப்பாளரிடம் சொல்லுங்கள். தகராறு முற்றினால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே முறையிடலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம்; 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். வழக்கின் நுணுக்கங்களுக்கு வழக்கறிஞரே சரியானவர்.

கடைசியாக ஆவணி. இன்று படங்களைத் தொடங்கினாலும் அவை முடிவாக மூன்று நான்கு வாரம், அதன்பின் தொழிற்சாலை வேலைக்கு ஆறு ஏழு வாரம், பொருத்துவதற்கு இரண்டு வாரம் ஆகும். இடையில் பண்டிகைக்கு ஆட்கள் ஊர் போவார்கள். ஆவணிக்குள் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், பெயிண்ட் காயாமலும் ஓரங்கள் பிசிறு எடுக்காமலும் ஒப்படைக்கப்படும் வீடுதான் கிடைக்கும். அதனால் உங்களுக்கு ஒரு யோசனை: ஆவணியில் நல்ல நாள் பார்த்து, வெறும் வீட்டிலேயே கிரகப்பிரவேசத்தை நடத்திவிடுங்கள். ஹோமப் புகை புதிய ஃபால்ஸ் சீலிங்கில் படிய வேண்டியதில்லை, வந்தவர்கள் உட்காரக் கூடம் முழுவதும் காலியாக இருக்கும், கட்டுநர் போட்ட மேடையிலேயே பால் காய்ச்சலாம். தாயாரையும் அன்றே அந்த மேடை முன்னால் நிற்க வைத்து முழங்கை உயரத்தை அளந்துகொள்ளுங்கள். மறுநாள் சாவியை வடிவமைப்பாளரிடம் கொடுத்தால், தை வரை அவருக்கும் உங்களுக்கும் அவசரமில்லை.